ஏழாம் துளையில் நின்ற சாமி

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாய்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது. எங்கள் அணைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் பேசினார். சின்ன வயதுப் பெண். குரலில் அவசரம் இருந்தாலும் மரியாதைக்குக் குறைவில்லை.

"ஐயா, முந்தி இங்க கசிவு ரீடிங் எடுத்தது நீங்கதான்னு சொன்னாங்க. பழைய ரிஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கோம். நடுவுல ரெண்டு வருஷம் கசிவு பாதிக்குக் கீழ இறங்கிக் கிடக்கு. பொறவு ஒரே நாள்ல மேல ஏறியிருக்கு. அளவு பாக்குற தகடு பழுதா இருந்துச்சா? அப்படின்னா கருவிப் பழுதுன்னு போட்டு விட்டுருதேன்."

"பழுதுதாம்மா. ஆனா தகட்டுல இல்ல" என்றேன்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வருஷம் ஒரு சுவருக்குக் காவல் இருந்தவனுக்கு ஒரு பக்கம் எப்படிப் போதும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை இடுக்கில் இருக்கிறது எங்கள் அணை. கான்சாபுரத்து வயல்களில் நின்று பார்த்தால் பச்சைக்கு நடுவில் ஒரு வெளுத்த கோடு தெரியும், அவ்வளவுதான். பெரிய அணைகளின் படத்தைக் காலண்டரில் பார்த்தவர்கள் இதை அணை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிமெண்டு இல்லாத காலத்தில் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. கீழே ஒரு பவர் ஹவுஸ், அதில் இரண்டே டர்பைன்கள். ஒரு காலத்தில் ராஜபாளையத்து மில்லெல்லாம் இந்தத் தண்ணீரில்தான் ஓடியது என்று எங்கள் ஆட்கள் பெருமையடிப்பார்கள். இப்போது ஒரு மில்லுக்கே காணாது.

நான் லஸ்கராகச் சேர்ந்தேன். மதகு திறப்பது, அடைப்பது, அளவு எடுப்பது, காவல் காப்பது எல்லாம் லஸ்கர் வேலை. முதல் மூன்று வருஷம் புல் வெட்டினேன், மதகுச் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டேன், அதிகாரிகளுக்கு டீ வாங்கி வந்தேன். அதோடு பயிற்சி முடிந்தது என்று சொல்லி என் கையில் சுரங்கச் சாவியைக் கொடுத்தார்கள்.

சுரங்கம் என்றால் அணையின் வயிற்றுக்குள் ஓடும் நடைபாதை. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். முதல்நாள் லைட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றேன். வலது கையைச் சுவரில் வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரி நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. என் தலைக்கு மேலே நாலு ஆள் உயரத்துக்குத் தண்ணீர், எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல், என் உள்ளங்கைக்கு நேராக வந்து நிற்கிறது. டர்பைன் ஓடும்போது சுவரில் லேசாக ஒரு நடுக்கம் இருக்கும். எனக்குக் கோயில் குளம் எல்லாம் உண்டு. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றபோது கும்பிட வேண்டும்போல் இருந்தது மாதிரி வேறெங்கும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று வரைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது கை தானாகச் சுவருக்குப் போகும்.

எந்த அணையும் கசியும். கசியாத அணை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அஸ்திவாரப் பாறையில் இருக்கிற வெடிப்புகள் வழியாக ஏரித் தண்ணீர் அடியில் நுழையும். அது அங்கேயே தங்கிவிடக்கூடாது என்பதற்காகச் சுரங்கத்தின் தரையில் வரிசையாகத் துளை போட்டுக் குழாய் இறக்கியிருப்பார்கள். எங்கள் அணையில் பதினாறு துளைகள். அடியில் நுழைந்த தண்ணீர் அவற்றின் வழியாக ஏறி வந்து, பக்கத்து வாய்க்காலில் விழுந்து, வெளியே ஓடிவிடும். வாய்க்கால் முடிகிற இடத்தில் வி எழுத்து மாதிரி வெட்டிய ஒரு இரும்புத் தகடு இருக்கும். அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று கணக்குச் சொல்லிவிடலாம். தினமும் காலையில் அதைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. காரையில் இருக்கிற சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வந்து குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் மாதத்துக்கு ஒரு முறை நீளக் கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குத்திச் சுரண்ட வேண்டும். கை கழன்று போகிற வேலை. அதை நாங்கள் கம்பி விடுவது என்போம்.

அணைகளுக்குத் தரம் போடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் பார்வையிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மூன்று வகையில் ஒன்றைக் கொடுப்பார்கள். இது பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு. பிள்ளை முதல் வகுப்பு வாங்கினால் மிட்டாய் கொடுக்கலாம். அணை முதல் வகை வாங்கினால் கீழே இருக்கிறவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டாம் வகை என்றால் குறை இருக்கிறது, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் வகை என்றால் நன்றாக இருக்கிறது. எங்கள் அணை எப்போதும் இரண்டில்தான் இருந்தது. கசிவு ஜாஸ்தி, காரை பழசு என்று எழுதிவிட்டுப் போவார்கள். பக்கத்து அணைக்காரர்கள் மூன்று வாங்கினார்கள் என்று கேள்விப்படும்போது எங்களுக்கு வயிறு எரியும்.

ஏழாம் துளை அணையின் நடுப்பகுதியில், மிகவும் ஆழமான இடத்தில் இருக்கிறது. அதன் குழாய் மட்டும் தரைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஏறி வந்த தண்ணீர் வாயில் வழிந்து நாலா பக்கமும் இறங்கும். ஒரு வருஷம் நான் மஞ்சள் காமாலையில் மாதக்கணக்கில் ஊரில் கிடந்தேன், கம்பி விட இரண்டாவது ஆள் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் குழாயைக் காணோம். அதன்மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து, வழுவழுவென்று, வெள்ளை வெளேரென்று ஒரு லிங்கம் நின்றது. உச்சியில் ஊசி முனை அளவுக்கு ஒரு கண். அதிலிருந்து தண்ணீர் பொங்கித் தன் தலையில் தானே வழிந்துகொண்டிருந்தது. மனுஷன் கை படாமல் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.

கூட வேலை பார்த்த வெங்கடசாமி ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். லைட்டை அதன்மேல் அடித்துவிட்டு, "தேவுடா" என்று முணுமுணுத்தார். இரண்டு பேரும் கம்பியைக் கீழே வைத்துவிட்டோம். வைத்தது வைத்ததுதான். மற்றத் துளைகளில் விட்டோம், ஏழாம் துளையைத் தொடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வெங்கடசாமி திருநீறு பூசி, ஒரு முழம் பூ சுற்றினார்.

நான் அதை என் வீட்டில் சொன்னேன். என் மனைவி பேச்சியம்மாவுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்கள் திருவண்ணாமலைக் குன்று ஏறிப் பெருமாளைக் கும்பிட்டு வருவாள். ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பயந்து அம்மா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். எங்கள் குவார்ட்டர்ஸ் அணைக்குக் கீழேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெளியாட்களைச் சுரங்கத்துக்குள் விடக்கூடாது என்பது சட்டம். நான் அவளைக் கூட்டிப்போனேன். அவள் ஏழாம் துளைக்கு முன்னால் விளக்கு வைத்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வைத்தாள். அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. அதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் வெள்ளிக்கிழமை விளக்கோடு வர ஆரம்பித்தார்கள்.

இதற்குமேல் யார் கம்பி விடுவது?

சாமி ஒரு துளையோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். சாமி இருக்கிற இடத்தில் செருப்பு வேண்டாம் என்றோம். பக்கத்தில் இரும்புச் சத்தம் வேண்டாம் என்று ஆறையும் எட்டையும் விட்டோம். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. பிரதோஷம், கிருத்திகை, வெள்ளி, செவ்வாய் என்று கம்பி எடுக்காத நாள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் நடுவில் இருந்த எட்டுத் துளைகளில் கம்பியே இறங்கவில்லை. ரிஜிஸ்டரில் மட்டும் மாதம் தவறாமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

கசிவு குறைய ஆரம்பித்தது. தகட்டு வெட்டில் இருந்த தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. எனக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? "சாமி கசிவைக் குடிச்சுட்டாரு" என்று வெங்கடசாமியிடம் சொன்னேன். விளையாட்டுக்கு இல்லை, மனசாரச் சொன்னேன். பார்வையிட வந்த குழு ரிஜிஸ்டரைப் புரட்டியது, தகட்டைப் பார்த்தது, பாதிக்குக் கீழ் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது. அவர்கள் வருகிற அன்று சாமியின் மேல் சாக்கைப் போட்டு மூடிவைத்தோம். எங்கள் அணைக்கு மூன்றாம் வகை கிடைத்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பவர் ஹவுஸ்காரர்களுக்கும் கொடுத்தோம். பக்கத்து அணைக்காரன் எதிரே வந்தால் நான் சைக்கிளைவிட்டு இறங்குவதில்லை.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் ஞானராஜ் சார் மாற்றலாகி வந்தார். உதவிப் பொறியாளர், ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே வெள்ளைச் சட்டையோடு அணைக்கு வந்துவிடுகிற மனுஷர். லஸ்கரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். வந்தவுடன் நாற்காலியில் உட்கார மாட்டார். நேராகத் தகட்டுக்குப் போய், கைக்குட்டையால் வெட்டின் விளிம்பைத் துடைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். தன் அளவைச் சொல்லாமல் என்னைப் பார்க்கச் சொல்வார். இரண்டும் மயிரளவு வேறுபட்டாலும் இரண்டு பேரும் மறுபடியும் பார்க்க வேண்டும். கசிவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி ஒட்டி, ஜன்னல் மேல் இரண்டு நாள் வைப்பார். அடியில் வண்டல் தங்குகிறதா என்று பார்ப்பதற்காக. "தண்ணி வரலாம் குருசாமி, மண்ணு வரப்படாது" என்பார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். அவர் பென்சில் சீவுவதைப் பார்த்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

வந்த முதல் வாரமே பழைய ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கசிவு பாதியாயிருச்சே, மீதித் தண்ணி எங்க போச்சு?"

"குறைஞ்சிருச்சு சார்."

"ஏரி குறையலையே. பாறை வெடிப்பு மூடலையே. உள்ள போறது போய்க்கிட்டுத்தான் இருக்கு. வெளிய வரல. அப்ப எங்க இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். ஏழாம் துளைக்கு முன்னால் வந்ததும் நின்றார். பூவையும் விளக்கையும் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பென்சிலை எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த தடவை வரும்போது அழுத்தமானி ஒன்று கொண்டுவந்தார். நாங்கள் இன்னும் கம்பி விட்டுவந்த பன்னிரண்டாம் துளையின் குழாய் வாயை மூடி அதில் மாட்டினார். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நாங்கள் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், இன்னும் ஏறியிருந்தது. சாயங்காலம் அது நின்ற இடத்தைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது.

"கிணத்துக்குள்ள கிடக்குற கல்லைத் தூக்கியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"தூக்கியிருக்கேன் சார். தண்ணிக்குள்ள லேசா வரும். வெளிய எடுத்தாத்தான் கனக்கும்."

"இந்த அணை தன் கனத்துல மட்டுந்தான் நிக்குது. வேற பிடிமானம் கெடையாது. அடியில தண்ணி தங்கி மேல தள்ளுச்சுன்னா அம்புட்டு கல்லும் அதே மாதிரி லேசாகும். முன்னாடியிருந்து ஏரி தள்ளுது, கீழயிருந்து இது தூக்குது. இப்ப ஏரி முக்காவாசிதான். ஐப்பசி மழையில ரொம்புச்சுன்னா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

நான் சுவரைப் பார்த்தேன். மலையை மறித்துக்கொண்டு நிற்கிற இந்தச் சுவரைத் தண்ணீர் கிணற்றுக் கல்லைப் போலத் தூக்கும் என்பதை என் புத்தி ஏற்கவில்லை. ஆனால் உடம்பு ஏற்றுக்கொண்டது. சுவரில் இருந்த கையை எடுத்துவிட்டேன். அந்தச் சுவருக்குக் கீழேதான் என் வீடு. அதற்குள் இரண்டரை வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டுத் துளைகளையும் திறக்க வேண்டும், முதலில் ஏழாவதை, அதுதான் ஆழம் என்றார். அதுவரைக்கும் ஏரியைக் கொஞ்சம் இறக்கிவைக்க அனுமதி கேட்டு மேலே கடிதம் எழுதினார். மூன்றாம் வகை வாங்கிய அணைக்கு எதற்கு இந்த அவசரம் என்று மேலே நினைத்திருக்கலாம், பதில் வரவில்லை. ஐப்பசி பிறந்து மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஒரு நாளைக்கு ஒரு படி ஏறியது.

"நீங்க உத்தரவு போடுங்க சார், நான் உடைக்கேன்" என்றேன். சும்மா சொன்னேன். அவர் போட மாட்டார் என்று தெரியும்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லி இது உடைஞ்சா வெளிய வேற மாதிரி பேச்சாயிரும். அதுக்குப் பயந்து சொல்லாம இருந்தாலும் தப்பு. நாளைக் காலையில வாரேன். நீங்க மாட்டேன்னா நானே கம்பியை எடுக்கேன். வாரது வரட்டும்." இதைச் சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். குரல் உயரவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பேச்சியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி விடாமலே விட்டதாக எழுதினதையும் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"பிள்ள குடுத்த சாமிய ஒடைக்கப் போறேன்னு எங்கிட்டயே வந்து சொல்லுதீகளா?"

"ஒடைக்காட்டி அந்தப் பிள்ள தல மேலதான் ஏட்டி அம்புட்டு தண்ணியும் வரும்."

"ஒங்க ஆபீசர் சொல்லுதாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்பதுதான் உண்மை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஞானராஜ் சாரும் நானும் வெங்கடசாமியும் சுரங்கத்துக்குள் நுழையும்போது, பேச்சியம்மா பூத்தட்டோடு வாசலில் நின்றாள். பிள்ளையை வெங்கடசாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, இதுக்குக் கீழ தண்ணி ஏறி நெருக்குதுன்னு சொல்லுதீகளாம். எனக்கு அந்த முள்ளு, கணக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி இருக்குன்னா எனக்குக் காட்டுங்க. பொறவு என்ன வேணா செய்யுங்க."

அவர் சுவரில் கையை வைத்து டர்பைன் நடுக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பவர் ஹவுஸுக்கு அனுப்பினார். பத்து நிமிஷம் இரண்டு டர்பைனையும் நிறுத்தச் சொல்லுங்கள், பொறுப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன் என்றார். ஒரு லஸ்கர் பெண்டாட்டிக்காக மெஷினை நிறுத்துவதா என்று ஷிப்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் நிறுத்தினார்.

அந்த மௌனத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து சுவரில் இருந்த நடுக்கம் நின்றுவிட்டது. சுரங்கம் முழுக்க அமைதி. அணை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஞானராஜ் சார் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியின் முனையைத் துணியால் துடைத்து, லிங்கத்தின் தோளில் பூப்போல வைத்தார். மறுமுனையைப் பேச்சியம்மாவிடம் கொடுத்து, காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். கம்பியை என்னிடம் நீட்டினாள். நானும் வைத்துப் பார்த்தேன். உள்ளே, எங்கேயோ ஆழத்தில், உஸ்ஸென்று ஒரு சீறல். விட்டுவிட்டு ஒரு முட்டல். வெளியே வருவதற்கு வழி தேடி ஏரி முழுவதும் அந்த ஒரு ஊசிக் கண்ணுக்குக் கீழே வந்து நிற்கிறது என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக அதன் மேல் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பேச்சியம்மா தட்டில் இருந்த சூடத்தை ஏற்றிக் காட்டினாள். விழுந்து கும்பிட்டு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞானராஜ் சாரிடம் சொன்னாள்.

"சாமிக்கு மூச்சு முட்டுதய்யா. தெறந்து விடுங்க."

பூவை அவளே எடுத்தாள். அவர் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு, பேச்சியம்மாவையும் வெங்கடசாமியையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அவர் மட்டும் என் பக்கத்தில் நின்றார். முதல் குத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் உச்சி சிதறியது. மூன்றாவது குத்து இறங்கியதும் கம்பி என் கையைவிட்டுப் பறந்து சுவரில் மோதியது. தண்ணீர் எழும்பிச் சுரங்கக் கூரையில் அடித்தது. முதலில் பால் போல வெள்ளையாக வந்தது, அப்புறம் கலங்கலாக, அப்புறம் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி. கூரையில் பட்டுத் தெறித்து எங்கள் நாலு பேரையும் நனைத்தது. வெங்கடசாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக்கொண்டு நின்றார். தண்ணீரோடு பிறந்து வளர்ந்தவன் மாதிரி நடந்துகொண்டிருந்தவன் நான். தண்ணீர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞானராஜ் சார் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அவர் பன்னிரண்டாம் துளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எறங்குது" என்றார். செத்த நேரம் கழித்து மறுபடியும், "எறங்குது" என்றார். அவர் குரல் தழுதழுத்ததை அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் எட்டுத் துளைகளையும் திறந்தோம். கை தோல் உரிந்து போனது. வாய்க்கால் ததும்பி ஓடியது. தகட்டில் இருந்த அளவுகோல் முழுகிவிட்டது. அந்த ஒரே நாள் ஏற்றத்தைத்தான் ரிஜிஸ்டரில் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. உடைந்த வெள்ளைத் துண்டுகளைப் பேச்சியம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கி ஏரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை விளக்கோடு வந்த பெண்களிடம், "மேல ஏரியில இருக்காரு, அங்க போய்க் கும்பிடுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. அந்த மாதக் கடைசியில் ஏரி நிரம்பி, மறுகால் பாய்ந்தது. இரைச்சல் கான்சாபுரம் வரைக்கும் கேட்டதாம். முள் தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

மழை முடிந்து குழு வந்தது. தலைவர் ஓய்வு பெற்ற பெரிய பொறியாளர், போன தடவை எங்களுக்கு மூன்றாம் வகை போட்டவர். தகட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது? நல்லா இருந்த அணை. இம்புட்டு கசிவு எப்படி வந்துச்சு?"

ஞானராஜ் சார் வாயைத் திறந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அப்ப நல்லா இல்ல. நடுத் துளைகள்ல நாங்க ரெண்டு வருஷத்துக்கு மேலா கம்பி விடல. விட்டதா எழுதுனது நான்தான்."

தலைவர் என் கையிலிருந்த லைட்டை வாங்கிக்கொண்டார். சுரங்கத்துக்குள் போனார். போன தடவை மாதிரி நடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடவில்லை. பதினாறு துளைகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். வேட்டி நனைந்தது. ஏழாம் துளையில் கையை வைத்துத் தண்ணீரை ஏந்தி லைட்டில் பிடித்துப் பார்த்தார். வெளியே வரும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு மெமோ கொடுத்தார்கள். நியாயந்தான், வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை என்றால் அதற்கு ஞானராஜ் சார் எழுதிய நாலு வரிதான் காரணம். அதில் என்ன இருந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

தரச் சீட்டு வருவதற்கு இரண்டு மாதம் ஆனது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். பேச்சியம்மா வாசலில் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாமியையும் இழந்து, பேரையும் இழந்து, கடைசியில் மார்க்கும் போய்விட்டதே என்றிருந்தது.

"சீட்டு வந்துருச்சு" என்றேன். "மூணுல இருந்து திரும்பவும் ரெண்டுக்கு எறக்கிட்டாக."

அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு அணையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எறக்கிட்டாகளா? அப்ப இந்தத் தடவ நெசமாவே பாத்திருக்காக" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூங்கவைக்க உள்ளே போனாள்.